முனை பொருந்தினாலும் மின்சாரம் பொருந்துமா?

ஆடி, ஆவணி மாதங்கள் பிறந்துவிட்டால் நெல்லியடிச் சந்தி புலம்பெயர்ந்த எமது உறவுகளால் களைகட்டத் தொடங்கிவிடுகின்றது. நல்லூர்த் திருவிழாவையொட்டி ஊர் திரும்பும் வடமராட்சி மக்களின் பயணப் பொதிகளில் உடுபுடவைகளுடன் மின்சாதனங்களும் வந்து சேருகின்றன. மறுபுறத்தில், பிள்ளைகளைக் காணவென ரொறன்ரோவுக்குப் புறப்படும் பெற்றோர் மிக்ஸியையும், ஹஜ், உம்றாக் கடமைகளுக்காகச் செல்லும் எமது முஸ்லிம் சகோதரர்கள் சிறு கேத்தலையும் உடன் எடுத்துச் செல்கின்றனர். பிளக்கின் முனை குதையில் பொருந்திவிட்டால் காரியம் முடிந்தது என்ற எண்ணம் எம்மவரிடையே பரவலாக இருப்பதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கனடாவிலிருந்து மகள் ஆசையுடன் கொண்டுவந்த சோறு சமைக்கும் குக்கரை அடப்டர் ஒன்றின் உதவியுடன் குதையில் செருகியிருந்தார்கள். சில நிமிடங்களில் அதன் அடித்தட்டு கருகி, வயர் உருகத் தொடங்கிவிட்டது. அடப்டர் இருந்ததே, பியூசும் இருந்ததே, பின் ஏன் இப்படி நேர்ந்தது என்று தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற். கனடாவிலும் அமெரிக்காவிலும் அது 120 வோல்ற் மாத்திரமே. அடப்டர் என்பது முனையின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றை மாற்றாது. வெப்பமூட்டும் சாதனமொன்றுக்கு வோல்ற் இரட்டிப்பானால் அது உறிஞ்சும் மின்வலு நான்கு மடங்காகும். 120 வோல்ற்றுக்கென 500 வாற்றில் செய்யப்பட்ட அந்தக் குக்கர், இங்கே ஏறத்தாழ 1,800 வாற்றை உறிஞ்ச முற்பட்டது. அதற்கான மின்னோட்டம் 8 அம்பியர் அளவே என்பதால், 13 அம்பியர் பியூஸ் எரியாமல் சும்மா இருந்துவிட்டது. 1,500 வாற் கனேடியத் தலைமுடி உலர்த்தியானால் நிலைமை இன்னும் மோசம்; அது 5,500 வாற் வரை இழுக்கும்.

எதிர்த்திசைப் பயணத்தில் ஆபத்துச் சற்றுக் குறைவு, ஏமாற்றமே அதிகம். எமது 2,000 வாற் கேத்தல் கனடாவில் 550 வாற்றையும் எட்டாது. தேநீருக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான். மிக்ஸி போன்ற மோட்டார்ச் சாதனங்களோ போதிய வலுவின்றித் திணறிச் சூடேறும். வோல்ற்றை உயர்த்தும் ட்ரான்ஸ்போமர் இதற்குப் பரிகாரமாயினும், அதன் பாரத்தைச் சுமப்பதிலும் பார்க்க அங்கே விற்கப்படும் 110 வோல்ற் மிக்ஸியை வாங்குவதே மேல். ஆஸ்துமா நோயுள்ள முதியோரின் நெபுலைசர் விடயத்தில் இது வெறும் வசதிப் பிரச்சினையன்று. அவ்வகைக் கருவிகளிற் பல ஒரே வோல்ற்றுக்கென ஆக்கப்பட்டவை. மூச்சுத் திணறும் இரவில் அது இயங்காதென்பதை அறிவது எவ்வளவு பாரதூரமானது!

இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறியச் சாதனத்தின் அடியில் ஒட்டப்பட்டுள்ள சிறு சீட்டே போதும். 'இன்புட்' என்ற சொல்லையடுத்து 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் அது எந்நாட்டிலும் இயங்கும். கைத்தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. 120 என்றோ 230 என்றோ தனித்திருந்தால் எச்சரிக்கை அவசியம்.

சவூதி அரேபியாவுக்குச் செல்வோர் எமது 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கையே அங்கும் காண்பர். ஆயினும் அங்கு மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். எமது 50 ஹேர்ட்ஸ் மோட்டார்கள் சற்று வேகமாகச் சுழலக்கூடும். அந்நாட்டில் நீண்டகாலம் 127 வோல்ற் வழக்கிலிருந்தமையால், பழைய கட்டடங்களில் தங்குவோர் கேட்டறிந்துகொள்வது நன்று. ஒரே அறையில் பலர் தங்குமிடத்து, நீட்டிப்பு வயர் ஒன்றிலேயே கேத்தலையும் இஸ்திரிக்கைப்பெட்டியையும் சேர்த்துப் பொருத்துவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

பிரித்தானியாவில் வோல்ற்றும் முனையும் எம்முடையவையே. பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வோல்ற் ஒன்றேயாயினும் முனைகள் வேறு. அவ்விரு நாடுகளுக்கிடையிலுங்கூட அவை ஒத்துப்போவதில்லை. புவித்தொடர்பு முனையுள்ள அடப்டரையே அங்கு நாட வேண்டும். மலிவு அடப்டர்கள் பலவற்றில் அம்முனை பெயரளவுக்கே உள்ளது, அல்லது அறவே இல்லை.

எமது வீட்டுப் பழக்கமொன்றையும் இங்கு சுட்டிக்காட்டியே ஆகவேண்டும். வட்டமுனை, சதுரமுனை எனப் பலவகைக் குதைகள் நிலவிய குழப்பத்தை நீக்க, 13 அம்பியர் சதுரமுனை வகை 2017இல் இந்நாட்டின் ஒரே நியமமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், ஐரோப்பிய இருமுனைப் பிளக்கைச் செருகுவதற்காகக் குதையின் மேல்துளைக்குள் பேனை மூடியைத் திணிப்பவர்கள் இன்றும் உள்ளனர். உட்புறக் காப்பு மூடிகள் குழந்தைகளின் விரல்களைக் கருதியே அமைக்கப்பட்டவை. மேல்துளையில் எதையேனும் செருகிவைத்தால் மின்னோட்டமுள்ள துளை திறந்தபடியே கிடக்கும். வட்டமுனைகள் அங்கு இறுகப் பொருந்தாமையால் தீப்பொறி பறப்பதும் உண்டு. அந்த இருமுனைப் பிளக்கில் பியூசும் இல்லை. 13 அம்பியர் குதைக்கான, பியூஸ் பொருத்திய மாற்றி ஒன்று சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கின்றது. விருந்தினர் வருமுன் அதை வாங்கி வைப்பதுடன், ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் மின்னியலாளரை அன்றே அழைக்க வேண்டும்.