செயின் லாக் முதலில், க்ராஷ் கார்டு அப்புறம்

துறையூர் தாண்டி, சோபனபுரத்திலிருந்து பச்சைமலை ஏறும் ரோடு. டாப் செங்காட்டுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் வண்டி நின்றது. இன்ஜின் ஓடுது, கியர் விழுது, வண்டி மட்டும் நகரலை. இறங்கித் திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் செயின் ரோட்டில் கிடக்கு.

அன்றைக்கு அந்த வண்டியில் என்னென்ன இருந்தது தெரியுமா? ஹேண்ட் கார்டு, க்ராஷ் கார்டு, இரண்டு ஃபாக் லைட், பின்னால் பெட்டி கட்ட ஒரு கேரியர். எல்லாம் புதுசு. இல்லாமல் போனது செயின் லாக்கின் கிளிப், நகம் அளவுக்கு ஒரு தகடு. அதையும் தலைகீழாக மாட்டியது வேறு யாரும் இல்லை, நான்தான்.

மரவள்ளி மூட்டை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு பெரியவர் வந்து நிறுத்தினார். "என்ன தம்பி, செயினா?" என்றார். "ஆமாங்கய்யா." செல்போன் டார்ச்சில் இரண்டு பேரும் தேடி லாக்கின் பின்னையும் பக்கத் தகட்டையும் கண்டுபிடித்தோம், கிளிப் கிடைக்கவே இல்லை. அவர் மூட்டையில் இருந்த கட்டுக் கம்பியை அவிழ்த்து, பின்னின் காடியில் இரண்டு சுற்று சுற்றி முறுக்கி விட்டார். வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்பி மாட்டியிருக்கியே, இந்தக் கம்பி இல்லையா உன்கிட்ட?" என்று கேட்டார். இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே இறங்கித் துறையூர் வந்தேன்.

ஏறும்போது அறுந்ததால் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். இறக்கத்தில், வளைவில் அறுந்து, செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டிருந்தால் பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும், இல்லை இன்ஜின் கேஸ் உடையும். செயின் லாக் மாட்டும் விதி ஒன்றுதான்: கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் வரிசை செயினில் பார்த்தால் மூடிய பக்கம் வண்டியின் முன்பக்கம் இருக்கணும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் ஒரு கல், ஒரு குச்சி தட்டினாலே போதும், கிளிப் பறந்துடும்.

இப்போ ஜூனியர்ஸ் நிறைய பேர் "பழைய வண்டி வாங்கி ட்ரெயிலுக்கு ரெடி பண்ணணும், என்ன மாட்டலாம்?" என்று கேட்கிறாங்க. என்ன மாட்டலாம் என்பது நாலாவது கேள்வி. முதல் மூன்றை யாரும் கேட்பதில்லை.

முதலில் வண்டி. நம்ம பட்ஜெட்டில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் நிஜமான ட்ரெயில் வண்டிகள் ரொம்பக் குறைவு. ஹோண்டாவை விட்டுப் பிரிந்த பிறகு 2011ல் ஹீரோ கொண்டுவந்த இம்பல்ஸ் ஒன்று. 150 சிசி, ஏர் கூல்டு, கார்பரேட்டர். பிரேசிலில் ஓடிய ஹோண்டா ப்ரோஸ் வண்டியின் உறவுக்காரன். நம்ம ஊரில் பெரிசா விற்கலை, சில வருடத்தில் நின்றுபோனது, அதனால் சில பார்ட்ஸ் தேடி அலையணும். 2019ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 இன்னொன்று. முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18 இஞ்ச் ஸ்போக் வீல், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். இந்த 21 இஞ்ச் சும்மா கெத்துக்கு இல்லை. ஒரே அளவு கல்லின் மேல் பெரிய சக்கரம் சின்ன கோணத்தில் ஏறும், ஹேண்டிலுக்கு வரும் அடி குறையும். சாதாரண கம்யூட்டர் வண்டியில் ட்ரெயில் டயர் மாட்டி ஓட்டுபவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவுதான் உங்க வேகம்.

இரண்டாவது பேப்பர். போரடிக்கும், படிச்சிடுங்க. படிவம் 29, 30 கொடுத்து ஆர்சியில் பெயர் மாற்றணும். வண்டி லோனில் வாங்கியதாக இருந்தால் படிவம் 35 கேளுங்க. சேசிஸ் நம்பரை ஆர்சியோடு நேரில் ஒப்பிடுங்க, வாட்ஸ்அப் போட்டோவை நம்பாதீங்க. "பெயர் மாற்றம் மெதுவா பண்ணிக்கலாம்" என்று சொல்லும் சீனியரிடம் இதைச் சொல்லுங்க: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்சியில் யார் பெயர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வண்டியைக் கொடுத்த மனுஷன் உங்களால் கோர்ட்டுக்கு அலைவார். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும்.

மாடிஃபிகேஷன் சட்டமும் இதோடு சேரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்து ஆர்சியில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் வரலாம். இன்ஜின் மாற்றுவது, சேசிஸை வெட்டி ஒட்டுவது, பெயின்ட் அடித்து நிறம் மாற்றுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சைலன்சரை அவிழ்த்துவிட்டு மலை கிராமத்துக்குள் போறவங்களைப் பற்றி நான் எழுதினால் எடிட்டர் வெட்டிடுவார்.

மூன்றாவது, வண்டியின் இன்றைய நிலைமை. இதில்தான் நேரம் செலவாகணும்.

வாங்கும்போது முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்க. நடுவில் 'டக்' என்று ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கோன்செட் போயிடுச்சு. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஆட்டம் தெரிந்தாலும் அதே கதைதான். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ் பேசும். ஸ்போக்கை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்க. 'டிங்' என்றால் சரி, 'டொக்' என்றால் தளர்ந்திருக்கு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். நீங்க போறதுக்கு முன்னாடியே ஓனர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரேன் என்று சொல்லுங்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது.

வாங்கிய பிறகு முதல் மாதம் எதையும் புதுசா மாட்டாதீங்க. பேரிங், பிரேக் ஷூ, கேபிள், ஃபோர்க் ஆயில், செயின் செட், டயர். காசு இந்த வரிசையில் போகட்டும். போட்டோவில் எதுவுமே தெரியாது, அதுதான் கஷ்டம்.

செயினைப் பற்றி இன்னும் கொஞ்சம். செயினை டைட்டாக வைப்பது நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். ட்ரெயில் வண்டியில் அது விஷம். மூன்று புள்ளிகளை மனசில் வைங்க: முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது ஸ்விங் ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும், மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். அதில் இரண்டு பக்கங்களின் நீளம் மாறாது. ஷாக் அமுங்க அமுங்க ஆக்சில் மேலே வரும், மூன்றாவது பக்கம், அதாவது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையிலான தூரம், நீளும். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் வரும்போது அது அதிகபட்சம். ஸ்கூலில் படித்த முக்கோண விதிதான். அந்த நேரத்தில் செயினில் தளர்வு மிச்சம் இல்லை என்றால் முழு இழுப்பும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கில் விழும். முதலில் சீல் கசியும், அப்புறம் பேரிங், அப்புறம் உங்க பாக்கெட்.

இதைச் செக் பண்ண லேப் தேவையில்லை. இரண்டு குண்டான நண்பர்களைப் பின் சீட்டில் உட்கார வைங்க, இல்லை ஒரு ஸ்ட்ராப் போட்டு ஷாக்கை அமுக்குங்க. மூன்று புள்ளியும் நேராக வரும்போது செயின் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டராவது ஆடணும். பிறகு வண்டியை விட்டுவிட்டு, ஸ்டாண்டில் எவ்வளவு ஆடுது என்று அளந்து எழுதி வைங்க. இனிமேல் அந்த வண்டிக்கு அதுதான் அளவு. சஸ்பென்ஷன் நீளமாக இருக்கும் வண்டியில் செயின் தொங்குற மாதிரி தெரிவது இதனால்தான்.

இப்போ நாலாவது கேள்விக்கு வரலாம், என்ன மாட்டலாம்?

ஸ்ப்ராக்கெட். முன்னால் 13 பல், பின்னால் 39 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 3. பின்னால் 42 போட்டால் 3.23, சக்கரத்துக்குப் போகும் டார்க் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடும், அதே அளவு டாப் ஸ்பீடு போகும். முன்னால் 12 போட்டாலும் 3.25 வந்துடும், செலவும் கம்மி. ஆனால் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் இன்னும் கூர்மையாக மடங்குவதால் சீக்கிரம் தேயும். முதலில் முன்னால் மாற்றி ஓட்டிப் பாருங்க, பிடித்திருந்தால் அடுத்த செயின் செட்டில் பின்னால் மாற்றிக்கலாம்.

இன்ஜினுக்கு அடியில் பாஷ் பிளேட். நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் கேட்டால் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் அடித்துத் தருவாங்க. 30க்கு 40 சென்டிமீட்டர் அளவில் அது சுமார் 2.8 கிலோ. 4 மில்லிமீட்டர் அலுமினியத்தில் அதே அளவு 1.3 கிலோதான். எதுவானாலும் ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு நேராக ஓட்டை விடச் சொல்லுங்க. நான் சொல்ல மறந்தேன், முதல் ஆயில் சேஞ்சுக்கே பிளேட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. சேறு தங்காமல் வடிவதற்கும் பின்னால் இடம் வேணும், ஏர் கூல்டு இன்ஜினுக்கு மண் போர்வை நல்லதில்லை.

ஹேண்ட் கார்டு வாங்கக் காசு இல்லையா? கிளட்ச், பிரேக் லீவர் கிளாம்ப்பைக் கழற்றி, ஹேண்டில்பாரில் பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் கிளாம்ப்பை மிதமாக முறுக்குங்க. விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும். ஓட்டும்போது தானாகச் சுழலாத அளவுக்கு டைட் இருக்கணும், அதை நிறுத்தி வைத்தே இழுத்துப் பார்த்துடுங்க.

டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் ட்யூப் போட்ட டயரில் ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 20 பிஎஸ்ஐக்குக் கீழே நான் போவதில்லை. திரும்பத் தார் ரோடு ஏறும்முன் நிரப்ப ஒரு கால் பம்ப் வேணும். கட்டை டயர் மழை நனைந்த தார் ரோட்டில் பிரேக்குக்கு நிற்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

திருவானைக்காவலில் இருக்கும் நமக்கு ஏர் ஃபில்டர் தனிப் பிரச்சினை. கொள்ளிடக்கரை மணல் பொடி எங்கேயும் புகும். ஃபில்டரைத் தாண்டினால் பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பேப்பர் ஃபில்டர் என்றால் கழுவவே கூடாது, மாற்றணும். ஃபோம் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுசாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டலாம். ஒவ்வொரு ட்ரெயிலுக்குப் பிறகும் திறந்து பாருங்க.

அப்படியே ஆற்றைப் பற்றியும். பாலத்திலிருந்து பார்த்தால் காய்ந்த கொள்ளிடம் ரெடிமேட் ட்ரெயில் மாதிரிதான் தெரியும். அந்த மணலுக்குள்தான் திருச்சிக்குக் குடிதண்ணீர் எடுக்கும் கிணறுகள் இருக்கு. ஆயில் சொட்டும் வண்டியை அங்கே இறக்குவது நம்ம குடத்தில் நாமே ஊற்றுவது. முக்கொம்பில் உபரித் தண்ணீரைத் திறந்தால் வருவதும் இந்தப் பக்கம்தான். 2018 ஆகஸ்ட்டில் நம்பர் 1 டோல்கேட் போகும் பழைய இரும்புப் பாலத்தையே உடைத்த ஆறு இது. மலையிலும் அப்படித்தான்: பச்சைமலையில் நிறைய இடம் ரிசர்வ் காடு, அனுமதி இல்லாமல் உள்ளே போனால் வனச் சட்டப்படி குற்றம். கிராமங்களுக்கு நடுவே ஓடும் மண் ரோடு, தோட்டத்து வண்டிப் பாதை, அதுவும் கேட்டுவிட்டு. இதுவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் இருக்கு.

டக்கார் ராலியில் ஒரு பிரிவு உண்டு. மெக்கானிக் கிடையாது, ஒரு 80 லிட்டர் பெட்டிக்குள் ஸ்பேர், டூல்ஸ் எல்லாம். நாள் முழுக்கப் பாலைவனத்தில் ஓட்டிவிட்டு ராத்திரி தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டணும். நமக்கு 80 லிட்டர் வேண்டாம். என் பையில் இப்போ இருப்பது: செயின் லாக் இரண்டு, முன் சக்கர ட்யூப் ஒன்று (அவசரத்துக்குப் பின்னாலும் ஏற்றலாம்), டயர் லீவர் இரண்டு, பிளக், கிளட்ச் கேபிள், கட்டிங் பிளேயர், ஆக்சில் நட் சைஸ் ஸ்பேனர், கட்டுக் கம்பி ஒரு மீட்டர்.

செயின் அளவு செக் பண்ணணும் என்றால் சனிக்கிழமை காலை மெக்கானிக்கல் பிளாக் பின்னால் வண்டியோடு வாங்க. ஸ்ட்ராப் என்னிடம் இருக்கு. குண்டான நண்பர்களை நீங்கதான் கூட்டிட்டு வரணும்.