சாலை விதி – 14: ஒரு நிமிஷம்தான்!

"எங்கே இருக்கீங்க தம்பி?"

"ஒட்டன்சத்திரம் தாண்டிட்டேன் சார். வண்டியில போய்க்கிட்டு இருக்கேன்."

"சரி சரி, ஓட்டுங்க. ஒரு நிமிஷம்தான். ஸ்டாக்கிஸ்ட்கிட்ட போன மாசம் மிச்சம் எவ்வளவு?"

ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப்பாக அலைந்த காலத்தில் எங்கள் ஏரியா மேனேஜரோடு நான் பேசிய பேச்சில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டால் இரண்டு கையும் ஃப்ரீ. அதை ஒரு சாமர்த்தியமாகவே நாங்கள் நினைத்தோம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்தோம். மேனேஜர் கெட்டவர் இல்லை. மழை பிடித்தால் "ஜாக்கிரதையா போங்க தம்பி" என்பார். அதையும் நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் போட்டுத்தான் சொல்வார்.

அன்று பழனி சாலையில் பாட்டில் கணக்கு ஒப்பித்துக்கொண்டே போனபோது, எதிரே ஓரமாக ஒரு டிராக்டர் நின்றது. பின்னால் டிரெய்லரில் வீட்டு உயரத்துக்குச் சோளத்தட்டு. பட்டப்பகல், நல்ல வெயில். அதைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால், அது நிற்கிறது என்று புத்தியில் உறைத்தபோது எனக்கும் அதற்கும் இடையே பத்துப் பதினைந்து அடிதான். வலதுபக்கம் வெட்டித் திருப்பியதில் வண்டி சறுக்கி, முழங்கைத் தோல் தாரோடு போனது. சாம்பிள் மாத்திரைகள் ரோடு முழுக்க. எதிரில் அந்த நேரத்தில் பஸ் வரவில்லை, அவ்வளவுதான். போன் புளியமரத்தடியில் கிடந்து "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நிமிடத்தில் சரியாக ஒரு கிலோமீட்டர் போகும். 'ஒரு நிமிஷம்தான்' என்று கேட்கிறவர் அந்த ஒரு கிலோமீட்டரைத்தான் கேட்கிறார்.

"பார்த்தேன் சார், ஆனா தெரியலை" என்றால் எந்த ஸ்டேஷனில் நம்புவார்கள்? அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயர் நம்பினார். சிமுலேட்டரில் ஆட்களை ஓட்டவிட்டு, வழிநெடுக விளம்பரப் பலகைகளை வைத்து, கண் எங்கெல்லாம் போகிறது என்று கருவியால் அளந்தார். ஓட்டியவர்கள் கையில் போன் கிடையாது, ஹேண்ட்ஸ்ஃப்ரீயில்தான் பேச்சு. கண் பலகையின் மேல் பட்டதாகக் கருவி காட்டிய இடங்களில்கூட, பேசிக்கொண்டு ஓட்டியவர்களுக்கு அந்தப் பலகை அவ்வளவாக நினைவில் இல்லை. இது 2003-ல் வெளிவந்த ஆய்வு. அதற்கும் முன்னால், 1997-லேயே, டொராண்டோவில் ரெடல்மேயர், டிப்ஷிரானி என்ற இருவர் விபத்தில் சிக்கிய 699 பேரின் போன் கணக்கை எடுத்து, மோதிய நேரத்தோடு ஒப்பிட்டார்கள். போன் பேசும் நேரத்தில் மோதுகிற ஆபத்து நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்து குறையும் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரும் ஆபத்துதானே என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். அந்த அளவுக்கு இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. நாத்தனார் கதை எவ்வளவு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தாலும், லாரி குறுக்கே வந்தால் மனைவி கதையை நிறுத்திவிட்டு, "ஏங்க, பார்த்து!" என்பார். மதுரையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த எங்கள் மேனேஜருக்குச் சோளத்தட்டு தெரியாது.

நம் சட்டம் கையை மட்டும்தான் பார்க்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை 184-ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தார்கள். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைக்கும் இடம் உண்டு. 2020-ல் வந்த விதி, கவனம் சிதறாதபடி வழி பார்ப்பதற்கு மட்டும் போனை அனுமதிக்கிறது. எல்லாம் சரி. சலானில் ஓட்டியவர் பெயர் இருக்கும், கூப்பிட்டவர் பெயர் இருக்காது.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி, பஸ் டிரைவர்கள் கையில் போன் பிடிக்கக் கூடாது என்ற விதி 2012 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, டிரைவருக்கு அதிகபட்ச அபராதம் 2,750 டாலர். அவரைப் பேச அனுமதித்த கம்பெனிக்கு 11,000 டாலர். டிரைவருக்கு விதித்ததைப் போல் நான்கு மடங்கு! அந்த விகிதத்தை யோசித்து எழுதிய அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அதே 2012-ல் டெக்சாஸில் ஒரு வழக்கு. கொக்ககோலா கம்பெனியின் விற்பனை ஊழியர் ஒருவர் போன் பேசிக்கொண்டே ஓட்டி, இன்னொரு காரில் மோதிவிட்டார். அவர் பேசியது ஹேண்ட்ஸ்ஃப்ரீயில், கம்பெனி விதிப்படிதான். ஆனாலும், அப்படிப் பேசுவதும் ஆபத்து என்று தெரிந்திருந்தும் கம்பெனி ஊழியர்களிடம் சொல்லவில்லை என்பது பாதிக்கப்பட்டவர் தரப்பு வாதம். ஜூரி இரண்டு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

நம் ஊரில் சாப்பாடு கொண்டுவரும் பையன்களிடம் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அவர்களுக்குப் போன்தான் முதலாளி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆர்டர் மணியடிக்கும், சட்டென்று தொட்டாக வேண்டும். நடுவில் நாமும் கூப்பிட்டு, "எங்கே இருக்கீங்க, பசிக்குது" என்கிறோம். மேப்பில் வண்டி நகர்வது நம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தும் கூப்பிடுகிறோம்.

நாமக்கல்லில் எனக்குப் பழக்கமான லாரி ஓனர் ஒருவர். எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். மாட்டியிருக்கிறார். "வண்டி எங்க போகுதுன்னு இங்கயே தெரியுதுங்க. ஆனாலும், டிரைவர் குரலைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடுவார். முன்பு கிளீனர் எடுத்துப் பேசுவார். இப்போது கிளீனர் கிடைப்பதில்லை, டிரைவரே எடுக்க வேண்டும். ஒருநாள் நாக்பூர் பக்கம், இவரோடு பேசிக்கொண்டே ஓட்டிய டிரைவர் ரோட்டோரப் பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்தை இவர் போனில் கேட்டிருக்கிறார். மறுநாளே டிரைவர்களிடம் சொல்லிவிட்டார்: "நான் கூப்பிட்டா எடுக்காதீங்க. வண்டியை நிறுத்தி டீ குடிக்கையில நீங்க கூப்பிடுங்க." முதல் வாரம் இவருக்குத் தூக்கமே இல்லையாம். "இப்பப் பழகிருச்சுங்க" என்கிறார்.

இதைப் படிக்கும் மேனேஜர்களே, ஓனர்களே, சூப்பர்வைசர்களே! அடுத்த முறை உங்கள் ஆளைக் கூப்பிடும்போது, "எங்கே இருக்கீங்க?" என்பதற்கு முன்னால் "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், நீங்களே போனை வைத்துவிடுங்கள். மேனேஜர் பேசும்போது அவர் வைக்க மாட்டார்.

(தொடரும்)