விளக்கொளியில் நாற்று வளர்த்தல்: ஒளியின் அளவைச் சீர்ப்படுத்தும் முறை

வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நட்டு நிழல் கொடுப்பதும், நிழல் மிகுங்கால் அதன் கிளைகளைக் கழிப்பதும் குடியானவர்கள் நெடுங்காலமாய் அறிந்தவை. ஒளியைப் பயிருக்கேற்ற அளவில் நிறுத்துவதே அவற்றின் நோக்கமாகும். அடைமழைக் காலத்தில் தக்காளி, மிளகாய் நாற்றுக்களைக் குழித்தட்டுகளில் விதைத்து அறைக்குள் மின்சார விளக்கின்கீழ் வளர்ப்போரும் இவ்விதியையே அனுசரித்தல் வேண்டும்.

வேண்டிய அளவு: கண்ணுக்குப் பிரகாசமாய்த் தோன்றும் ஒளி பயிருக்குப் போதுமானதென்று எண்ணலாகாது. நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் அளவுடையது. வீட்டறையின் உட்புறத்திலோ சில நூறு லக்ஸ் மாத்திரமே உண்டு. வெள்ளொளி தரும் எல்.இ.டி. விளக்காயின், நாற்றின் நுனியில் 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை கிடைக்குமாறு அமைத்தல் நலம். லக்ஸ் மானி மனிதக் கண்ணின் உணர்ச்சியை ஒட்டி அளப்பதாகையால், செந்நிறமும் நீலமும் மட்டும் தரும் விளக்குகளுக்கு அக்கணக்கு பொருந்தாது.

விளக்கின் உயரம்: ஒற்றைக் குமிழ் விளக்கை ஓரடி உயரத்தினின்று ஈரடிக்கு உயர்த்தினால், கிடைக்கும் ஒளி பாதியாவதில்லை, ஏறக்குறைய நாலில் ஒரு பங்காய்க் குறைந்துவிடும். வரிசையாய் மாட்டிய நீண்ட குழல் விளக்குகளில் இக்குறைவு அவ்வளவு கடுமையன்று. ஆகையால், ஒளி போதாதவிடத்து வேறு விளக்கு வாங்குமுன் இருக்கும் விளக்கைத் தாழ்த்திப் பார்ப்பதே சிக்கனமாகும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்தி, இடைவெளி மாறாது காத்தல் வேண்டும். ஓரங்களில் ஒளி குறைவாதலின் தட்டுகளை அடிக்கடி இடம் மாற்றி வைத்தல் அவசியம்.

நாற்றில் தோன்றும் குறிகள்: ஒளி குறைந்தால் தண்டு மெலிந்து நீளும்; கணுவிடை அகலும்; இலை வெளிறும்; நாற்று சாயும். ஒளி மிகுந்தால் விளக்கிற்கு அணித்தான இலைகள் வெளுத்துச் சுருளும், ஓரங்கள் கருகும். எவ்விதத் திருத்தத்தையும் ஒரே நாளில் செய்யாது, சில நாட்களில் சிறிது சிறிதாய்ச் செய்தல் வேண்டும்.

ஒளியும் நேரமும்: ஒளியின் வன்மையை நேரத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மங்கிய விளக்காயின் நேரத்தைக் கூட்டி ஒருவாறு ஈடு செய்யலாம். எனினும் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணிக்கு மேற்படலாகாது. இரவும் பகலும் ஓயாது ஒளி பட்டால் தக்காளியின் இலைகள் மஞ்சளித்துக் கெடும். பகலின் நீளம் சில பயிர்களின் பூப்பையும் நிர்ணயிக்கும் என்பதை அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், ஆலர்ட் என்னும் இருவர் 1920ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குறும்பகற் பயிராகிய செவ்வந்திக்கு நள்ளிரவில் மங்கிய ஒளி காட்டினும் பூப்பு தாமதமாகும்.

செலவு: 40 வாட் விளக்கொன்று நாளொன்றுக்கு 16 மணி எரிந்தால், 25 நாளில் 16 யூனிட் மின்சாரம் செலவாகும். விளக்கின் எண்ணிக்கையால் இதைப் பெருக்கி, நாற்றின் விலையோடு ஒப்பிட்டபின் முயல்க.

அறையில் வளர்ந்த நாற்றை உடனே வெயிலில் நட்டால் இலைகள் கருகும். நடவுக்குமுன் 7 முதல் 10 நாட்கள் வரை, முதலில் நிழலிலும் பின்னர்க் காலை வெயிலிலும் வைத்துப் படிப்படியாய்ப் பழக்குதல் வேண்டும். நாற்றங்காலில் ஒளிக்குறைவால் மெலிந்த பயிரைப் பின்னர் எருவிட்டுத் தேற்றுவது அரிது. அதற்குள் பருவமும் தவறிவிடும்.