ஹைப்போவைக் கொட்டும் முன்

தண்ணீர் ஊற்றினால் தீராது

வீட்டு இருட்டறையில் படம் கழுவிய பழைய ஹைப்போவை நாலு வாளித் தண்ணீர் கலந்து சாக்கடையில் விட்டால் போயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். போகாது. பிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பதே ஹைப்போவின் வேலை. ஆகவே பழைய ஹைப்போ வெள்ளி கரைந்த நீர். இதே நீர் மருத்துவமனை எக்ஸ்ரே அறையிலிருந்து வந்தால், 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் அதை மஞ்சள் வகையில் வைத்து, தனியே சேகரித்துச் சுத்திகரிக்கச் சொல்கின்றன. வீட்டுக்குள் அது தீர்த்தமாகிவிடுமா? "ஒரு லிட்டர்தானே" என்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பெருநகரச் சாக்கடையில் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடமுண்டு. அங்கே வெள்ளி பெரும்பாலும் சல்பைடாகிச் சகதியில் படிந்துவிடும். ஆனால் சித்தூர்ப் பக்கத்துக் கார்வேட்டிநகரம் போன்ற ஊர்களில் கழிவுநீர் போவது செப்டிக் டேங்குக்கும் உறிஞ்சுகுழிக்கும். குடிக்கிற போர்த் தண்ணீரும் அதே மனையில்தான்.

கைவைத்தியம் செய்யும் கெடுதல்

"வெள்ளி உடம்புக்கு நல்லதுதானே, இனிப்பில்கூட ஒட்டுகிறார்களே" என்பது அடுத்த வாதம். இனிப்பில் ஒட்டுவது உலோகத் தாள். இது ரசாயனக் கரைசல். கண்ணில் தெறித்தால் தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். படத்தை உருத்தெளிய வைக்கும் டெவலப்பர் காரமானது என்று எலுமிச்சை பிழிவது, அமிலம் பட்ட இடத்தில் சுண்ணாம்பு தடவுவது இரண்டும் புண்ணை ஆழமாக்கும். தெரியாமல் குடித்துவிட்டவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது? இறங்கும்போது புண்ணாக்கியது ஏறும்போதும் புண்ணாக்கும், மூச்சுக்குழலிலும் புகும். 108-ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள். சில டெவலப்பர்களிலுள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோல் அலர்ஜி தரும். அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு, அதே வெறுங்கையை மறுபடி டிரேயில் விடுவது வைத்தியமல்ல. பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

ஹைப்போவையும் டெவலப்பரையும் தனித்தனி பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். இரண்டையும் கலந்தால் சிலவகை ஹைப்போவிலிருந்து அம்மோனியா கிளம்பும். பிளீச்சிங் பவுடரையோ ஆசிடையோ சேர்த்தால் நச்சுவாயு வரும். வெள்ளி பிரிக்கிறேன் என்று அடுப்பில் காய்ச்சவும் வேண்டாம். சித்தூரிலோ திருப்பதியிலோ இன்னும் பிலிம் கழுவும் எக்ஸ்ரே மையம் இருந்தால், கழிவை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று கேட்டு அவர்களிடமே சேர்த்துவிடுங்கள். அதுவரை கேன், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டியிருக்கட்டும். விஷம் என்று தெலுங்கிலும் தமிழிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தை முகர்ந்து பார்த்துவிட்டா குடிக்கும்?