பச்சைப் புல்லில் ஒரு பழுப்புக் கோடு

கோல்ப் மைதானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பந்து விழவேண்டிய குழியைச் சுற்றிக் கொஞ்சம் புல்தரை இருக்கும். 'கிரீன்' என்பார்கள். அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஓர் அரிசிமணியின் நீளம்கூட இல்லை! காலையில் யந்திரம் வெட்டிவிட்டுப் போன பிறகு அந்தப் பச்சை ஜமக்காளத்தின் மேல் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால், மைதானத்தைப் பராமரிக்கிறவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். யந்திரம் வழிநெடுகச் சூடான எண்ணெயைச் சிந்தியிருக்கிறது! சில நாளில் கோடு பழுப்பாகிவிடும். செத்த புல் மீண்டும் தளிர்த்து மூடப் பல வாரம் பிடிக்கும்.

சிந்தியது எங்கிருந்து? பெரும்பாலும் குழாயிலிருந்து, இல்லாவிட்டால் கத்தியைச் சுற்றும் சின்ன மோட்டாரிலிருந்து. அந்த மோட்டாரைத்தான் நாம் இப்போது பிரிக்கப் போகிறோம். அதற்கு முன் அதன் பரம்பரையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே.

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர் கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தைச் சீராகக் கத்தரிக்க அங்கே யந்திரங்கள் இருந்தன. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அதைப் பார்த்தார். ரோமத்தை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று தோன்றியது. 1830-ல் பேடண்ட் வாங்கிவிட்டார். அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று ராத்திரியில்தான் தள்ளிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. வாயைத் திருகி அகலத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்பானர் ஒன்றையும் அவர் செய்தார். தம் யந்திரத்தைப் பின்னால் வருகிறவர்கள் எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள் என்று தெரிந்துதான் செய்தாரோ என்னவோ!

சுழலும் உருளையில் சுருள் சுருளாகக் கத்திகள். அடியில் அசையாத கத்தி ஒன்று. நடுவே அகப்பட்ட புல் கத்தரிக்கோலில் சிக்கியது போல் நறுக்கப்படும். பட்டிங்கின் ஏற்பாடு இன்றும் அதேதான். ஆனால் பெரிய யந்திரங்களில் மூன்று உருளை, ஐந்து உருளை என்று இருக்கின்றன. மேடு பள்ளத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்க வேண்டும். இத்தனைக்கும் பெல்ட்டும் சங்கிலியும் பூட்டினால் தொல்லை. ஆகவே எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்திக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த எண்ணெய் உருளையின் முனையில் உள்ள மோட்டாரைச் சுழற்றுகிறது.

மோட்டாருக்குள் இரண்டு பற்சக்கரங்கள் பல்லோடு பல் கோத்து நிற்கும். கரும்புச் சாறு யந்திரம் மாதிரியா என்றால், இல்லை. அங்கே கரும்பு நடுவே நுழைகிறது. இங்கே எண்ணெய் பல்லிடுக்குகளில் உட்கார்ந்துகொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போய் மறுபுறம் இறங்கும். போகிற வழியில் துளி எண்ணெய் பக்கவாட்டில் நழுவும். அது குற்றமல்ல, அதுதான் புஷ்களுக்கு உயிர். நழுவிய எண்ணெய் தனியாக ஒரு மெல்லிய குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். சுழலும் ஷாப்ட் வெளியே வரும் வாசலில் காவல் நிற்பது ஒரு ரப்பர் வளையம். பட்டறைக்காரர்கள் 'ஆயில் சீல்' என்பார்கள்.

லண்டனில் ஜோசப் பிராமா 1795-ல் நீரழுத்த யந்திரத்துக்குப் பேடண்ட் வாங்கியபோதும் இதே கசிவுதான் படுத்தியது. தண்டைச் சுற்றி இறுக்கி அடைத்தால் தண்டு நகரவில்லை. தளர்த்தினால் தண்ணீர் பீறிட்டது! அவரிடம் வேலை பார்த்த ஹென்ரி மாட்ஸ்லே ஒரு தோல் வளையத்தைக் கிண்ணம் போல் மடித்துப் பொருத்தினார் என்று பின்னாளில் ஜேம்ஸ் நாஸ்மித் சொல்லியிருக்கிறார். தண்ணீரின் அழுத்தமே தோலை விரித்துத் தண்டோடு ஒட்ட வைக்கும். வெளியே வரத் துடிக்கிற திருடனையே கதவைச் சாத்தச் சொன்ன சாமர்த்தியம்!

ஆயில் சீலின் உதடும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இங்கே தண்டு சுழல்கிறது. அழுத்தம் மிஞ்சினால் உதடு ஷாப்டை இறுக உரசி, சுட்டு, கருகிவிடும். கொஞ்ச அழுத்தத்தைத்தான் பாவம், அது தாங்கும்.

ஆகவே, வாசகர்களே, சீல் ஒழுகினால் சீலைத் திட்டாதீர்கள். அதைக் கெடுத்த ஆசாமி யார் என்று தேடுங்கள். புதுச் சீலை மட்டும் மாட்டி அனுப்பினால் அடுத்த மாதமே பழுப்புக் கோடு திரும்பி வரும்.

எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் மட்டும் தடவிப் பார்க்கவே கூடாது! சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அழுத்தத்தில் ஊசித் துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தியது போல்தான் இருக்கும். அலட்சியம் செய்தால் விரலே போய்விடலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும், அதில் ஈரம் காட்டிவிடும்.

கழற்றிய மோட்டாரை வெளிப்புறம் நன்றாகக் கழுவி, பாகங்களின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது எது எந்தப் பக்கம் என்ற சந்தேகம் வராது. போல்ட்டுகளைக் கழற்றிய பின் திருப்புளியால் நெம்பாதீர்கள். ஒரு கீறல் போதும், அதுவே புதிய கசிவுக்கு வாசல்.

இனி விசாரணை. ஷாப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தடுக்கினால் எந்தச் சீலும் அங்கே நிற்காது, ஷாப்டையே மாற்றவேண்டியதுதான். பற்சக்கரத்தின் இருபுறமும் உள்ள தகடுகளில் கோடு கோடாகக் கீறலா? எண்ணெயில் மண் கலந்திருக்கிறது; வடிகட்டியையும் பாருங்கள். புஷ் தேய்ந்து ஷாப்ட் ஆடினால் உதடும் கூடவே ஆடும். கூட்டினுள் லேசாகப் பதிந்த தடம் இருந்தால் பயமில்லை. புதிதில் பற்சக்கரம் தனக்கு இடம் செய்துகொண்டது அது. ஆழமான பள்ளமென்றால் மோட்டாரையே கழித்துவிடலாம். அதற்குமேல் சாமான் வாங்கிப் போடுவது வீண் செலவு என்பது என் கட்சி.

உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்து, சீல் மட்டும் பிதுங்கி வெளியே வந்திருந்தால்? தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயை ஊதிப் பாருங்கள். எங்காவது மடிந்தோ அடைத்தோ கிடக்கும். போக வழியில்லாத எண்ணெய் காவல்காரனைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது!

புதுச் சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். ஷாப்டில் சாவி உட்காரும் பள்ளத்தின் மேல் வழவழப்பான டேப் சுற்றி, உதட்டில் எண்ணெய் தடவி நுழையுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தின் விளிம்பே உதட்டை அறுத்துவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, யந்திரத்தின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். மோட்டாருக்குள் கொஞ்சம் சுத்தமான எண்ணெய் ஊற்றி, ஷாப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்கவில்லையா? சரி, பூட்டலாம். காற்றுக் குமிழிகள் போகும்வரை மெதுவாகவே ஓட்டுங்கள்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து, கத்தியைச் சுற்ற மின்சார மோட்டார் வைத்த யந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் எண்ணெயில் ஓடுகிறவை ஏராளம். எனவே அவசரப்பட்டு யந்திரத்தைக் கிரீனுக்கு ஓட்டிவிடாதீர்கள். கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் கத்தியைச் சுற்றவிட்டு எண்ணெய் சூடான பிறகு நிறுத்தி, மோட்டாருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். விடியற்காலையில் வந்து, முதல் வேலையாக அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.