மொட்டைக்குப் பிறகு தெரியும் தலை

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் படியேறும் கூட்டத்தில் கைக்குழந்தைகளுக்குக் குறைவில்லை. மேலே கல்யாணக்கட்டாவில் முடி இறக்கிச் சந்தனம் பூசியதும்தான் பலருக்குக் குழந்தையின் தலை முழுசாகக் கண்ணில் படும். "தலை கொஞ்சம் பெருசா இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியாடி?" என்று பாட்டி கேட்டுவிட்டால், தாய்க்கு அன்றிரவு தூக்கம் போச்சு. கண்ணளவில் இதற்கு விடை கிடைக்காது, நாடாவால் தலைச்சுற்றளவை அளக்க வேண்டும்.

நாடா போகும் வழி

புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் துருத்தும் இடத்தைச் சுற்றி நாடா போக வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து, பெரிய அளவை எழுதிக்கொள்வார்கள். தையற்கடைத் துணி நாடா நாளாக நாளாக இழுபடும், அது உதவாது. அடர்ந்த முடியும் சில மில்லிமீட்டர் கூட்டிக் காட்டும். மொட்டைக்குப் பின் அளவு துளி குறைந்தால் பதற வேண்டாம்.

கோடுகள் சொல்வது

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா உட்பட ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்தது. அதிலிருந்து வந்த தலைச்சுற்றளவு வரைபடம் 2007இல் வெளியானது. பிறக்கும்போது நடுக்கோடு ஆண் குழந்தைக்கு 34.5 செ.மீ., பெண்ணுக்கு 33.9, ஒரு வயதில் 46.1, 44.9. முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும் தலை, ஆறு மாதத்துக்குப் பிறகு அரை செ.மீ. அளவில் நிதானமாகிவிடும்.

நடுக்கோட்டில் இல்லையே என்று கவலைப்படுவதுதான் பெற்றோர் செய்யும் வீண் வேலை. மேலோ கீழோ, தன் கோட்டை ஒட்டியே போகும் குழந்தை பெரும்பாலும் நலமே. அப்பாவுக்கே பெரிய தலையாக இருக்கலாம். மருத்துவர் அவர் தலையையும் அளப்பார்! குறைமாதக் குழந்தைக்கு, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துத்தான் வயதைக் குறிக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாதபோது

கோடுகளைத் தாண்டி அளவு மளமளவென்று ஏறினாலோ, வளராமல் நின்றாலோ உடனே காட்ட வேண்டும். அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, ஓயாத வாந்தி, கருவிழி கீழ்நோக்கியே நிற்பது ஆகியவை மூளையில் நீர் சேர்வதன் அடையாளங்களாக இருக்கலாம். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் அலிபிரி சாலையிலேயே இருக்கின்றன. போகும்போது பழைய அளவுகள் எழுதிய அட்டையும் கையில் இருக்கட்டும். உச்சிக்குழி மூடும்வரை அதன் வழியாகவே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். மயக்க மருந்தோ கதிர்வீச்சோ தேவையில்லை.