யோசனைக்கும் பூட்டு உண்டு!

1873-ம் ஆண்டு. வியன்னா நகரில் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி. புதிய எந்திரங்களைக் கொண்டு வந்து காட்டும்படி ஆஸ்திரியா-ஹங்கேரி அரசாங்கம் எல்லா நாடுகளையும் அழைத்தது.

ஆனால் வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பலர் வரத் தயங்கினார்கள். ஏன் தெரியுமா?

பயம்தான்! எந்திரத்தைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள். அதில் ஒருவர் ஊருக்குப் போய், அதேபோல் ஒன்றைச் செய்து விற்றுவிட்டால்? பல ஆண்டுகள் பட்ட பாடு ஒரே நாளில் பறிபோய்விடுமே! சொந்த நாட்டில் பெற்ற உரிமை அயல் நாட்டில் செல்லாது.

அரசாங்கம் தனிச் சட்டம் போட்டது. காட்சிக்கு வரும் பொருள்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளித்தது.

ஓராண்டு அவகாசம்

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1883-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, பாரிசில் 11 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அதன்படி, ஒருவர் முதலில் ஒரு நாட்டில் காப்புரிமை கேட்டு மனு கொடுக்கிறார். 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளிலும் மனு கொடுத்தால் போதும். முதல் மனுவின் தேதியே அங்கும் கணக்கு. இடையில் வேறொருவர் முந்திக்கொள்ள முடியாது!

இந்தியா 1998-ல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

பூட்டுகள் பலவகை

வீட்டில் வாசலுக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு. அதுபோல அறிவுச் சொத்துக்கும் தனித்தனிப் பாதுகாப்பு உண்டு. இந்தியச் சட்டம் சொல்வது இது:

காப்புரிமை: புதிய கண்டுபிடிப்புக்கு உரியது. மனு கொடுத்த நாளில் இருந்து 20 ஆண்டுகள். பிறகு அது ஊருக்குப் பொது.

பதிப்புரிமை: கதை, பாட்டு, ஓவியம் போன்றவற்றுக்கு உரியது. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் எழுத்துக்கு உரிமை உண்டு.

வணிக முத்திரை: கடைப்பெயர், சரக்கின் சின்னம் ஆகியவற்றுக்கு. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

வடிவ உரிமை: பொருளின் தோற்றத்துக்கு. 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டலாம்.

புவிசார் குறியீடு: இது தனி ஆளின் சொத்து அல்ல; ஊரின் சொத்து! காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம் ஆகியவை இதைப் பெற்றவை.

ஒரே மனு

நாடு நாடாக மனு கொடுக்கப் பணம் வேண்டாமா? இதற்கும் ஒரு வழி பிறந்தது. 1970-ல் வாஷிங்டனில் இன்னோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இதன்படி ஒரே மனு, 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பொருந்தும். ஆனால் உரிமை தருவதா, வேண்டாமா என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும்.

இதை நடத்துவது உலக அறிவுசார் சொத்து அமைப்பு. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்தது. தலைமை அலுவலகம் ஜெனீவாவில் இருக்கிறது.

ஏழைக்கு உதவி

காப்புரிமை மனு எழுதுவது லேசான வேலை அல்ல. ஒரு சொல் தவறினாலும் உரிமை நழுவலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் என்ன செய்வார்?

அவர்களுக்காக 2015-ல் இந்த அமைப்பு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கொலம்பியா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். அனுபவம் உள்ள காப்புரிமை வக்கீல்கள், வசதி இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்குக் கட்டணம் வாங்காமல் உதவுகிறார்கள். பிறகு வேறு நாடுகளுக்கும் திட்டம் பரவியது.

இந்தியாவில் தனி ஆள் மனு கொடுத்தால் பெரிய கம்பெனியைவிடக் கட்டணம் குறைவு. சென்னையிலும் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது.

முதலில் மனு!

பட்டறையிலோ, வயலிலோ, அடுப்படியிலோ ஒருவருக்குப் புது யோசனை தோன்றலாம். செய்து பார்த்து வெற்றியும் பெறலாம். உடனே நாலு பேரைக் கூட்டிக் காட்டத்தான் ஆசை வரும். அங்கேதான் ஆபத்து! ஊரறிந்த பொருள் புதிய பொருள் ஆகாது. காப்புரிமை கிடைப்பது அரிது.

முதலில் மனு. பிறகு காட்சி. வியன்னாவில் தயங்கி நின்றவர்களின் பயம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்!